ஒளி எழுதியதும் கை திருத்தியதும்

இலங்கையின் மலைநாட்டிலே, பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே தூய மரியாள் ஆலயம் என்னும் சிறியதோர் ஆங்கிலிக்கன் கோயில் உண்டு. அக்கோயில் நிலத்திலே கணவனும் மனைவியுமாக இருவர் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். கணவர் சாள்ஸ் ஹே கமரன். கோல்புறூக் கமரன் ஆணைக்குழுவின் பெயரால் இந்நாட்டு வரலாற்றைக் கற்றோர் அனைவரும் அவரை அறிவர். இலங்கையின் நீதித்துறையை ஆராய்ந்து 1832ஆம் ஆண்டில் அறிக்கை எழுதியவர் அவர். மனைவி ஜூலியா மார்கரெட் கமரன். இந்நாட்டிற் பேசப்படுபவர் கணவரே; ஆயினும் உலகம் பெரிதும் அறிந்திருப்பது மனைவியைத்தான். அவர் நிழற்படக் கலைஞர்.

1863ஆம் ஆண்டின் இறுதியில், தாயார் தனிமையில் வாடலாகாது என்று மகளும் மருமகனும் அவருக்கு ஒரு படப்பெட்டியைப் பரிசாக அளித்தனர். அப்போது அம்மையாருக்கு வயது 48. இங்கிலாந்தின் தெற்கே வைற் தீவில், பிறெஷ்வாட்டர் என்னும் கடலோரக் கிராமத்திலே, கோழிக்கூட்டை ஒளிமனையாகவும் கரிக்கொட்டிலை இருட்டறையாகவும் மாற்றிக்கொண்டு அவர் தொழிலைத் தொடங்கினார். அயலவரான கவிஞர் தெனிசன் முதல் வீட்டுப் பணிப்பெண்கள் வரை எல்லாரையும் தம்முன் இருத்திப் படம் பிடித்தார். (கமரன் என்ற குடும்பப் பெயருக்கும் கமரா என்ற கருவியின் பெயருக்கும் உள்ள ஒலியொற்றுமை தற்செயலானதே.)

அம்மையாரின் படங்களைக் கண்ட இலண்டன் நிழற்படத் துறையினர் முகஞ் சுளித்தனர். உருவங்கள் கூர்மையின்றி மங்கியிருந்தன. தகட்டிலே கறையும் கைரேகையும் விரிசலும் தெரிந்தன. தூரிகையாலும் பென்சிலாலும் தொட்டுத் திருத்த வேண்டிய குறைகளைத் திருத்தாது விட்டது ஏன் என்பதே அவர்களது குற்றச்சாட்டு. இற்றைக்கு நூற்றறுபது ஆண்டுகளுக்கு முற்பட்ட இந்த வழக்கு இன்னும் தீரவில்லை. அன்று சில நூறு தொழிலாளரிடையே நடந்த வழக்கு, இன்று ஆடியில்லாப் படப்பெட்டியைக் கழுத்தில் மாட்டிய ஒவ்வொருவரிடமும் வந்து சேர்ந்திருக்கின்றது. எடுத்த படத்தை எவ்வளவு திருத்தலாம்? திருத்தியதைத் திருத்தியதென்று சொல்ல வேண்டுமா? இவ்விரு வினாக்களும் நிழற்படத்தோடு உடன்பிறந்தவை.

நிழற்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839ஆம் ஆண்டில். அவ்வாண்டு சனவரி 7ஆந் திகதி, பாரிசு நகர அறிவியற் கழகத்திலே, டகேர் என்பவரின் கண்டுபிடிப்பை அறிஞர் அராகோ எடுத்துரைத்தார். வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் ஒளியே வரைந்த உருவம் அது. அதன் நுணுக்கம் வியக்கத்தக்கது. ஆனால் ஒரு தகட்டில் ஓர் உருவமே உண்டு. அதிலிருந்து மற்றொரு பிரதி எடுக்க வழியில்லை. தகட்டின் மேற்பரப்பு வண்ணத்துப்பூச்சியின் இறகு போல மென்மையானது. விரல் பட்டாலே அழியும். நிறம் ஏற்றுவோர் கன்னத்திலே சிறிது சிவப்புப் பொடி தூவினர். அதற்கு மேல் அதிற் கைவைக்க இயலாது.

ஆங்கிலேயரான வில்லியம் ஹென்றி பொக்ஸ் தோல்பொற் என்பவர் வேறு வழியை நாடினார். அவர் தாளிலே முதலில் எதிர்ப்படம் ஒன்றை ஆக்கினார். வெளிச்சமான இடம் கறுப்பாகவும் நிழலான இடம் வெளுப்பாகவும் அதில் விழும். அதனை வேறொரு தாளின் மேல் வைத்து வெயிலிற் காட்டினால் நேர்ப்படம் கிடைக்கும். 1841ஆம் ஆண்டில் இம்முறைக்கு அவர் காப்புரிமை பெற்றார். டகேரின் தகட்டோடு ஒப்பிடுகையில் அவருடைய படம் சொரசொரப்பானது. எனினும் எதிர்காலம் அவர் பக்கமே இருந்தது. ஓர் எதிர்ப்படத்திலிருந்து பத்துப் பிரதிகளும் எடுக்கலாம், நூறு பிரதிகளும் எடுக்கலாம்; நண்பர்க்கும் உறவினர்க்கும் அனுப்பலாம். படம் பகிர்பொருளாயிற்று. அதே வேளையில், எடுத்த படத்துக்கும் காட்டும் படத்துக்கும் இடையே ஓர் இடைவெளியும் திறந்தது. அந்த இடைவெளியிலே மனிதனின் கை நுழைந்தது. பகிர்தலும் திருத்தலும் ஒரே கதவின் வழியாக வந்தவை என்பது இவ்வரலாற்றில் அதிகம் கவனிக்கப்படாத உண்மை.

கை முதலில் நுழைந்தது பொய் சொல்வதற்காக அன்று. 1851ஆம் ஆண்டில் பிறெடெறிக் ஸ்கொற் ஆச்சர் என்பவர் கண்ணாடித் தகட்டிலே கொலோடியன் என்னும் ஈரப்பசையைப் பூசிப் படமெடுக்கும் முறையை வெளியிட்டார். காப்புரிமை கோராது உலகுக்கு அதனை வழங்கிய அவர், சில ஆண்டுகளில் வறியவராக இறந்தார். அவர் தந்த தகடு நுட்பமானது. ஆனால் அதற்கு ஒரு குறை இருந்தது. நீல ஒளியை அது மிக விரைவிற் பற்றும். ஏனைய நிறங்களுக்கு மெல்லவே இணங்கும். ஆகவே நிலமோ கடலோ செவ்வனே பதியுமட்டும் தகட்டைத் திறந்து வைத்தால் வானம் அளவு மீறி ஒளியேறி, அச்சிலே வெறும் வெள்ளையாகிவிடும். அக்காலத்து நிலக்காட்சிகளில் முகிலே இல்லாதிருப்பதற்குக் காரணம் இதுதான்.

பிரான்சு நாட்டுக் கலைஞர் கஸ்தாவ் ல கிறே 1856, 1857ஆம் ஆண்டுகளிலே இதற்கொரு பரிகாரம் கண்டார். கடலுக்கு ஒரு தகடு, வானத்துக்கு ஒரு தகடு என இரண்டை எடுத்து, அடிவானக் கோட்டிலே இணைத்து ஒரே தாளில் அச்சிட்டார். திரண்ட முகிலும் உடையும் அலையும் ஒருங்கே தோன்றிய அக்கடற்காட்சிகளைக் கண்டோர் பிரமித்தனர். அவற்றை எளிதிற் பொய்ப்படம் என்று தள்ளிவிட முடியாது. கரையில் நின்றவன் முகிலையும் கண்டான், அலையையும் கண்டான். கண்ணுக்கு இருந்த ஆற்றல் தகட்டுக்கு இல்லை. அந்தக் குறையைக் கை நிரப்பியது. இக்காலத்தவர் ஒரே காட்சியை வேறுபட்ட ஒளியளவுகளில் மூன்று முறை எடுத்துக் கணினியில் ஒன்றாக்குவதும் ல கிறேயின் வழியே.

ஆனால் ஒரு கடல், ஒரு வானம் என்ற அளவோடு கை நின்றுவிடவில்லை. 1857ஆம் ஆண்டில் ஒஸ்கார் றெயிலாண்டர் முப்பதுக்கு மேற்பட்ட எதிர்ப்படங்களை வெட்டியும் மறைத்தும் அச்சிட்டும் பெரியதோர் உருவகச் சித்திரத்தை ஆக்கி மன்செஸ்டர் கண்காட்சியில் வைத்தார். விக்டோரியா அரசியார் அதன் பிரதியொன்றை விலைகொடுத்து வாங்கினார். மறு ஆண்டில் ஹென்றி பீச் றொபின்சன் ஐந்து எதிர்ப்படங்களைப் பொருத்தி, நோயுற்று இறந்துகொண்டிருக்கும் இளம்பெண்ணின் காட்சியைச் சமைத்தார். நடிப்புக் காட்சியே எனினும், நிழற்படம் என்றாலே உண்மை என்று கொண்டிருந்த பலருக்கு அது வெறுப்பூட்டியது. ஓவியன் மரணத்தைத் தீட்டினால் மனங் கசியும் அதே மக்கள், படப்பெட்டி மரணத்தைப் புனைந்தபோது சினந்தனர். நிழற்படத்தின் மீது மக்கள் வைத்த நம்பிக்கை எத்துணை விரைவில் வேரூன்றியது என்பதற்கு அச்சினமே சான்று.

அந்நம்பிக்கையை விலைக்கு விற்றவர்களும் உளர். அமெரிக்க உள்நாட்டுப் போரிலே மக்களைப் பறிகொடுத்தோர் கண்ணீர் உலராதிருந்த காலத்தில், வில்லியம் மம்லர் என்பவர் இறந்தோரின் ஆவியைப் படம் பிடித்துத் தருவதாகச் சொல்லிப் பொருளீட்டினார். வாடிக்கையாளரின் உருவத்துக்குப் பின்னால் மங்கலான மற்றோர் உருவம் நிற்கும். 1869ஆம் ஆண்டில் நியூயோர்க் நீதிமன்றம் அவரை விசாரித்தது. ஒரே தகட்டில் இருமுறை படம் பதிக்கும் தந்திரம் என்று பலர் சாட்சியளித்தும், குற்றம் நிரூபணமாகாமையால் அவர் விடுபட்டார். கொலையுண்ட சனாதிபதி ஆபிரகாம் லிங்கனின் மனைவியார் பின்னர் அவரிடம் சென்று படம் எடுத்துக்கொண்டார். அப்படத்தில் அவர் தோள்மீது கணவரின் ஆவி கை வைத்து நிற்கிறது. ஏமாற்றியவரைக் குறை கூறலாம். அந்தப் படத்தை மடியில் வைத்துப் பார்த்திருந்த விதவையைக் குறை கூற யாருக்கு மனம் வரும்?

இருபதாம் நூற்றாண்டிலே அரசுகள் இக்கலையைக் கற்றன. சோவியத் இரகசியப் பொலிசின் தலைவராயிருந்த நிக்கொலாய் யெசோவ், 1937ஆம் ஆண்டில் மொஸ்கோ கால்வாய்க் கரையிலே ஸ்டாலினுக்கு அருகில் நடந்து செல்லும் படம் ஒன்று உண்டு. 1940ஆம் ஆண்டில் யெசோவ் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பின்னர் வெளியான அதே படத்தில் ஸ்டாலினின் பக்கத்தில் கால்வாயின் நீர் மாத்திரமே உண்டு. மயிர்த் தூரிகையும் சிறு கத்தியும் கொண்டு செய்த வேலை அது. ஆளைக் கொன்றது போதாதென்று அவன் நின்ற இடத்தையும் கொன்றனர். மூலப்படம் எஞ்சியதனாலேயே இச்செயல் உலகுக்குத் தெரிந்தது. மூலம் எஞ்சுவது என்னும் இச்சிறு செய்தி பின்னால் மிகப் பெரிதாகின்றது.

இவ்விரு கோடிகளுக்கும் நடுவே, இருட்டறையில் நாள்தோறும் நடந்த நேர்மையான வேலையை மறத்தலாகாது. அமெரிக்கரான அன்சல் அடம்ஸ் 1941ஆம் ஆண்டில் நியூ மெக்சிக்கோவின் ஹெர்னாண்டெஸ் என்னுஞ் சிற்றூரின் மீது நிலவெழுந்த காட்சியை ஒரே ஒரு தகட்டிற் பிடித்தார். அத்தகட்டிலிருந்து பல்லாண்டுகளாக அவர் அச்சிட்ட பிரதிகள் ஒன்றுபோல் ஒன்று இல்லை. தொடக்கத்தில் வானம் சாம்பல் நிறமாயிருந்தது. ஆண்டுகள் செல்லச் செல்லக் காரிருளாயிற்று. எதிர்ப்படம் இசையமைத்தவன் எழுதிய குறிப்பு, அச்சு அதனை வாசிக்கும் கச்சேரி என்று அவர் கருதினார். அச்சிடும்போது ஒளியைச் சற்று மறைக்க வேண்டிய இடத்திற் கம்பியில் ஒட்டிய சிறு வட்ட அட்டையைப் பிடிப்பர். கூடுதலாக ஒளி பாய்ச்ச வேண்டிய இடத்திற் கைவிரல்களைக் குவித்து அந்த இடைவெளியால் ஒளியை விடுவர். இக்காலத்துப் படத்திருத்த மென்பொருளைத் திறந்து பார்ப்போர் அதன் கருவிப் பட்டையிலே, கம்பியில் ஒட்டிய வட்டமும் குவித்த கையும் சிறு சின்னங்களாக இன்னமும் இருக்கக் காணலாம். இருட்டறை போய்விட்டது, கையின் வடிவம் மட்டும் எஞ்சிவிட்டது.

இனிப் படப்பெட்டிக்குள் இருந்த ஆடியின் கதைக்கு வரலாம். வில்லையினூடாக வரும் காட்சியை 45 பாகைச் சாய்வில் நிற்கும் ஓர் ஆடியால் மேலே திருப்பிப் பார்ப்பவனுக்குக் காட்டும் முறைக்கு, தோமஸ் சட்டன் என்னும் ஆங்கிலேயர் 1861ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். எனினும் சிறிய பிலிம் படப்பெட்டிகளில் அது நிலைபெற நெடுங்காலம் சென்றது. 1925ஆம் ஆண்டில் யேர்மனியில் வெளிவந்து நிழற்பட உலகையே மாற்றிய லைக்கா படப்பெட்டியில் ஆடி கிடையாது. அந்த வகையிற் பார்த்தால் ஆடியில்லாப் படப்பெட்டி புதிதன்று. 1954ஆம் ஆண்டில் யப்பானின் அசாகி நிறுவனம், படம் எடுத்தவுடன் தானே பழைய இடத்துக்கு மீளும் ஆடியைத் தன் படப்பெட்டியிற் பொருத்தியது. 1959ஆம் ஆண்டில் நிக்கொன் எப் வந்தது. அதன் பின்னர் அரைநூற்றாண்டு ஆடியின் காலம்.

ஆடியின் பெருமை, வில்லை காண்பதையே கண்ணும் காண்பது. ஆனால் படம் பிடிக்கும் அக்கணத்திலே ஆடி மேலெழுந்து வழிவிட வேண்டும். அவ்வேளை நோக்குதுளை இருண்டுவிடும். படம் எடுப்பவன் தான் எடுக்கும் படத்தை மட்டும் ஒருபோதும் காணான். எடுத்தது எப்படி வந்தது என்பதை இருட்டறையிலேதான் அறிவான்.

பிலிமை அகற்றும் முயற்சி ஆய்வுகூடங்களிற் பிறந்தது. கொடக் நிறுவனத்தின் இளம் பொறியியலாளர் ஸ்டீவன் சசன் 1975ஆம் ஆண்டில் ஒரு கருவியைப் பூட்டினார். நீளத்தில் 100, அகலத்தில் 100 என அது பதித்த புள்ளிகள் பத்தாயிரம் மட்டுமே. ஒரு படத்தை ஒலிநாடாவில் எழுத அதற்கு 23 விநாடிகள் சென்றன. அதே நிறுவனத்தைச் சேர்ந்த பிறைஸ் பேயர் ஒளியுணரிக்கு நிறமறியும் வழியைக் கண்டார். ஒளியுணரியின் நுண்கூறு ஒவ்வொன்றும் ஒளியின் அளவை அறியுமேயன்றி நிறத்தை அறியாது. ஆகவே அவற்றின் மேல் பச்சை, சிவப்பு, நீலம் என நிறவடிகள் இடப்பட்டன. மனிதக் கண் பச்சைக்குக் கூர்மையானதாகையாற் பாதி பச்சை. ஒவ்வொரு புள்ளியும் ஒரு நிறத்தையே அளக்கின்றது. மற்றை இரு நிறங்களையும் அயற்புள்ளிகளைப் பார்த்துக் கணினி ஊகித்து நிரப்புகின்றது. சாதாரண எண்மப் படப்பெட்டி தரும் நிறப்படத்தில் மூன்றில் இரண்டு பங்கு நிறம் இவ்வாறு கணக்கிட்டுப் பெற்றதே. தாம் எதனையும் திருத்துவதில்லை என்று பெருமை கொள்வோர் இதனை எண்ணிப் பார்ப்பது நன்று.

திருத்தும் கருவி எல்லார் கைக்கும் வந்தது 1990ஆம் ஆண்டில். மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர் தோமஸ் நோலும் அவர் உடன்பிறந்த ஜோனும் எழுதிய போட்டோஷொப் என்னும் மென்பொருளை அடோபி நிறுவனம் அவ்வாண்டு வெளியிட்டது. அதற்கு முன்னரே, 1982ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்து நாஷனல் ஜியோகிறபிக் சஞ்சிகையின் அட்டையிலே, எகிப்தியப் பிரமிட்டுக்கள் இரண்டு கணினியால் ஒன்றையொன்று நெருங்கி வந்திருந்தன. அகலமான படத்தை உயரமான அட்டைக்குள் அடக்குவதற்காகச் செய்த செயல் அது. நாலாயிரத்தைந்நூறு ஆண்டுகள் அசையாது நின்ற கற்குன்றுகள் அச்சகத்தின் வசதிக்காக நகர்ந்தன என்று உலகம் நகைத்தது.

2008ஆம் ஆண்டில் பனசொனிக் நிறுவனம், ஒலிம்பஸ் நிறுவனத்தோடு சேர்ந்து வகுத்த புதிய முறையிலே, ஆடியை முற்றாக நீக்கி, வில்லையை மாற்றத்தக்க சிறிய படப்பெட்டியை விற்பனைக்கு விட்டது. 2013ஆம் ஆண்டில் சோனி நிறுவனம் 35 மில்லிமீற்றர் பிலிம் சட்டத்தளவு பெரிய ஒளியுணரியை அத்தகைய பெட்டிக்குள் அடக்கியது. 2018ஆம் ஆண்டில் ஆடிப்படப்பெட்டியின் கோட்டைகளாயிருந்த கெனொனும் நிக்கொனும் பெரிய ஒளியுணரியோடு அவ்வழியே சென்றன. ஆடி நின்ற இடம் வெற்றிடமானதால் வில்லை ஒளியுணரிக்கு அண்மையில் வந்தது. நிக்கொனிலே 46.5 மில்லிமீற்றராயிருந்த இடைத்தூரம் 16 மில்லிமீற்றராகக் குறைந்தது. பெட்டி மெலிந்தது, ஓசை அடங்கியது.

ஆனால் உண்மையான மாற்றம் பாரம் குறைந்தது அன்று. ஆடியில்லாப் படப்பெட்டியின் நோக்குதுளையிலே தெரிவது உலகமல்ல, சிறிய மின்திரை. ஒளியுணரி பெற்ற எண்களைப் படப்பெட்டிக்குள் இருக்கும் கணினி பக்குவப்படுத்திக் காட்டும் காட்சி அது. ஒளியைக் கூட்டினால் திரையிற் கூடுகின்றது. கறுப்பு வெள்ளை வேண்டுமென்றால் உலகமே கறுப்பு வெள்ளையாகத் தெரிகின்றது. மாலை வெயிலின் மஞ்சளைக் குறைக்கலாம், மிகுக்கலாம். இருட்டறையில் மறுநாள் நடந்த வேலை பொத்தானை அழுத்துமுன்னரே நடக்கின்றது. மேலும், இத்தகைய படப்பெட்டிகளுக்கான வில்லைகள் பல, ஓரங்களில் நேர்கோட்டை வளைத்துக் காட்டும் குறையோடேயே வகுக்கப்படுகின்றன. அந்த வளைவு எவ்வளவென்பது வில்லையின் சில்லிலே எழுதப்பட்டிருக்கும். கணினி அதனைப் படித்து நிமிர்த்திவிடும். எடுப்பவனுக்குத் தெரியாமலே திருத்தம் முடிந்துவிடுகின்றது.

இக்கருவியைக் கையாள்வோர் ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொள்ளும் நுணுக்கங்கள் பலவற்றுக்கும் இப்பழைய வரலாறே உரை. படப்பெட்டி இரு வகையாகப் படத்தைத் தரும். ஜேபெக் எனப்படுவது சமைத்து இறக்கிய சோறு. நிறமொன்றுக்கு 256 படிகளே அதில் உண்டு. றோ எனப்படும் மூலக்கோப்பு அரிசி. பெரும்பாலான நல்ல படப்பெட்டிகளில் அது 16,384 படிகளைக் கொண்டது. திருத்தும் எண்ணம் உடையோர் மூலக்கோப்பாகவே எடுத்தல் வேண்டும் என்பது முதற்பாடம். அடுத்தது ஒளியளவு. பிலிமின் காலத்தில் நிழலான இடத்துக்குப் போதிய ஒளி கொடுக்க வேண்டும் என்பர். எண்மப் படப்பெட்டியில் அது தலைகீழ். நண்பகல் வெயிலில் நிற்பவரின் வெள்ளை வேட்டி அளவு மீறி வெளுத்துப்போனால், அதன் மடிப்புக்களை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது. அங்கே மீட்பதற்கு ஒன்றும் பதியவில்லை. இருண்ட இடத்தையோ பின்னர் ஓரளவு வெளிச்சமாக்கலாம். ஆகையால் வெளிச்சத்தைக் காத்து எடுத்தல் நன்று. திருத்தும்போது முதலில் அடிவானத்தை நேராக்கி, வெண்மையைச் செம்மை செய்து, ஒளியைச் சீர்ப்படுத்திய பின்னரே நிறத்தைத் தொடுவர். கூர்மை சேர்த்தல் இறுதி வேலை. கூர்மை சேர்க்கும் முறையும், மங்கலான பிரதியொன்றை மூலத்தோடு பொருத்தி ஓரங்களை எடுத்துக்காட்டும் இருட்டறைத் தந்திரத்திலிருந்து வந்ததே. கணினித் திரையை மிகைவெளிச்சத்தில் வைத்துத் திருத்தியவர், அச்சில் இருண்ட படத்தைப் பெற்று அச்சகத்தாரை நோவதும் உண்டு.

மூலக்கோப்பின் தலையாய சிறப்பு வேறொன்று. அதனைத் திருத்தும் மென்பொருள்கள் பெரும்பாலும் மூலத்தைத் தொடுவதில்லை; செய்ய வேண்டிய மாற்றங்களைத் தனியே குறித்து வைத்துக்கொள்கின்றன. விரும்பிய வேளையில் எல்லாவற்றையும் நீக்கி எடுத்த நிலைக்கு மீளலாம். யெசோவின் படத்தைச் சுரண்டிய கத்திக்கு இப்பண்பு இல்லை.

பகிர்தலின் வேகமும் இதற்கிடையில் மாறிவிட்டது. 1935ஆம் ஆண்டு சனவரி 1ஆந் திகதி அசோசியேற்றட் பிறெஸ் நிறுவனம் கம்பிவழியே செய்திப்படங்களைப் பத்திரிகைகளுக்கு அனுப்பத் தொடங்கியபோது அது பெரிய அற்புதம். 1997ஆம் ஆண்டு யூன் 11ஆந் திகதி, கலிபோர்னியாவின் மகப்பேற்று மருத்துவமனையொன்றில் மனைவியின் அருகிலிருந்த பிலிப் கான் என்னும் பொறியியலாளர், கைத்தொலைபேசியோடு எண்மப் படப்பெட்டியை இணைத்து, அப்போதுதான் பிறந்த மகளின் படத்தை இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோருக்கு அங்கிருந்தே அனுப்பினார். இன்றோ ஆடியில்லாப் படப்பெட்டி தானே கைத்தொலைபேசிக்குப் படத்தை அனுப்பிவிடும். படத்தோடு, எடுத்த நாள், நேரம், சிலவேளை எடுத்த இடம் ஆகியனவும் மறைவாகச் செல்லும். வீட்டிலே விளையாடும் குழந்தையின் படத்தை ஊரறியப் பகிருமுன்னர் அவ்விடக் குறிப்பை நீக்குவது அறிவுடைமை.

கை எளிதானபோது ஐயமும் எளிதாயிற்று. உலகச் செய்திப்படப் போட்டியின் 2015ஆம் ஆண்டுப் பரிசீலனையிலே, இறுதிக்கு முந்திய சுற்றை எட்டிய படங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, மூலக்கோப்போடு ஒப்பிட்டபோது அளவு மீறித் திருத்தியவை எனத் தள்ளப்பட்டன. அவ்வாண்டின் இறுதியில் றொய்ட்டர் செய்தி நிறுவனம், மூலக்கோப்பிலிருந்து பக்குவப்படுத்திய படங்களை அனுப்ப வேண்டாம் என்று தன் வெளிநிருபர்களுக்கு அறிவித்தது. ஒரே கோப்பு ஓரிடத்தில் நேர்மைக்குச் சாட்சியாகவும் மற்றோரிடத்தில் ஐயத்துக்கு ஏதுவாகவும் நிற்பது விந்தையே. இரண்டுள் முன்னையதே பொருத்தமானது எனலாம். சாட்சியை வெளியே நிறுத்திவிட்டு வழக்கை நடத்த முடியாது. 2023ஆம் ஆண்டில் லைக்கா நிறுவனம், எடுத்தவுடனேயே படத்தில் மின்முத்திரை பதிக்கும் படப்பெட்டியொன்றை வெளியிட்டது. எப்பெட்டியால், எந்நேரத்தில் எடுத்தது, பின்னர் என்ன மாற்றம் செய்யப்பட்டது என்பன அம்முத்திரையோடு தொடரும். எடுக்காத படத்தையே கணினி எழுதித் தரும் காலத்தில் இம்முத்திரை எவ்வளவு தூரம் காக்கும் என்பது இனித் தெரிய வேண்டியது.

ஜூலியா மார்கரெட் கமரன் 1875ஆம் ஆண்டில், கணவரின் கோப்பித் தோட்டங்கள் இருந்த இலங்கைக்கு வந்து குடியேறினார். களுத்துறையில் இருந்தபோது, தம்மைக் காண வந்த தாவர ஓவியர் மரியான் நோத்தை 1877ஆம் ஆண்டிற் படம் பிடித்தார். அவ்வூர்க் குடியானவர்களையும் நிறுத்திப் படம் பிடித்தார். இங்கே எடுத்தவற்றுள் எஞ்சியவை மிகச் சில. 1879ஆம் ஆண்டு சனவரி 26ஆந் திகதி டிக்கோயாப் பள்ளத்தாக்கில் அவர் காலமானார். அவருடைய படங்களை வாழ்நாளிலேயே வாங்கிய இலண்டன் அரும்பொருட் காட்சிச்சாலை, இன்று அவற்றைக் கறையோடும் விரிசலோடும் பேணி வைத்திருக்கின்றது. படம் ஒட்டிய அட்டைகள் பலவற்றின் அடியிலே, உயிரோடிருந்தவரைப் பார்த்து எடுத்தது என்ற பொருள்படத் தம் கையாலேயே அவர் எழுதிக் கையொப்பமிட்டுள்ளார். சிலவற்றில், பெரிதாக்கப்படாதது என்றும் சேர்த்துள்ளார். அதே அம்மையார் வேண்டியவிடத்து எதிர்ப்படத்தை ஊசியாற் கீறியும், இரண்டு எதிர்ப்படங்களை ஒன்றாக்கி அச்சிட்டும் இருக்கின்றார் என்பதை, பழைய தகடுகளின் பிரதிகளை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்த ஆய்வாளர் கண்டுள்ளனர். அந்தக் கீறல்களை மறைக்க அவர் ஒன்றும் செய்யவில்லை.